எமரால்டில் சும்மா இருப்பது எப்படி?

அந்தமானின் ஷாதிபூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். கோடையில் குழாய்த் தண்ணீரோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணையில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஏப்ரல் மாத டீக்கடைப் பேச்சு. அப்படி வளர்ந்த கண்ணுக்கு எந்த ஏரியைப் பார்த்தாலும் அழகுக்கு முன்னால் மட்டம்தான் படும். மெயின்லேண்ட் வந்து, கோவையில் கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து நீலகிரி ஏறியபோதும் அதே கண்தான். மலை ஏரியை ரசிக்க அது நல்ல தொடக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் ஊட்டி ஏரியைத் தாண்டிவிடுங்கள். 1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி என்ற பெருமை அதற்கு உண்டு. இன்று படகு வரிசையும் சோளப் பொரியும்தான் மிச்சம். எமரால்டு பக்கம் போங்கள். அங்கும் அவலாஞ்சியிலும் நாம் ஏரி என்று சொல்வதெல்லாம் உண்மையில் நீர்த்தேக்கங்கள். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு வளர்ந்த குந்தா நீர்மின் திட்டத்தின் பிள்ளைகள். மனிதன் கட்டியதுதானே என்று முகம் சுளிக்க வேண்டாம். வடிவத்தைப் பாருங்கள்: கை விரல்களைப் போல நீர் மலை மடிப்புகளுக்குள் நீண்டிருக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு பழைய ஓடையின் பள்ளத்தாக்கு. விரல்களை எண்ணினால், அணைக்கு முன்னால் எத்தனை ஓடைகள் அங்கே கூடின என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

இந்த இன்பம் விடியலில்தான் முழுதாகக் கிடைக்கும். பகல் வெயிலில் வாங்கிய சூட்டை நீர் அவ்வளவு எளிதில் விடாது. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழுக்கி இறங்கி அதன்மேல் படுக்கும்போது ஆவி எழுந்து பனிமூட்டமாகிறது. வேனின் பக்கக் கதவைத் திறந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, டீ டம்ளரோடு உட்கார்ந்துவிடுங்கள். (அடுப்பு எரியும்போது ஜன்னலை மூடாதீர்கள், மூடிய வண்டிக்குள் அடுப்பின் நச்சுவாயு உயிரை வாங்கும்.) கேமராவை அரை மணி நேரம் மறந்துவிடலாம். வெயில் ஏறினால் மூட்டம் ஒரேயடியாகக் கலையாது. முதலில் நடுவில் ஓட்டை விழலாம், விரல்களின் நுனியில் கடைசிவரை தங்கலாம். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும்.

பிறகு கரையைப் பாருங்கள். நீருக்கும் காட்டுக்கும் நடுவே செம்மண் வளையம் ஒன்று மொட்டையாகத் தெரியும். மின்சாரத்துக்காக நீர் இறங்கிய அளவு அது. படம் எடுப்பவர்கள் அதை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஏரியின் முகம். சாலையில் நின்றபடியே காலையில் நீரைத் தொடும் பாறை ஒன்றைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிப் போக வேண்டாம், ஓரச் சேறு காலை இழுக்கும்.

மேலே சரிவில் இரண்டு விதக் காடு தெரியும். காலிஃபிளவர் போலக் குமிழ் குமிழாக மடிப்புகளில் ஒதுங்கியிருப்பது சோலை. ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்பது வெள்ளையர் கொண்டுவந்த யூகலிப்டஸும் வாட்டிலும். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகள் ஓடுகின்றன. அந்த மழையும் சாதாரணமில்லை: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

நண்பகலில் தூங்குங்கள். அந்த நேரத்து ஏரி தகரம் போலக் கண்ணைக் கூசவைக்கும்.

மூன்று மணிக்கு மேல் டீ குடிக்க இறங்கினோம். கடைக்கார அக்காவின் பேச்சில் மலையகத் தமிழ். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிய மலை இது. அதே கூட்டத்தில் ஒரு பகுதி நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. நான் அதைச் சொன்னதும், “கச்சாலா? எங்க சித்தப்பா அங்கதானே போனாரு!” என்றார் அக்கா. அதற்குப் பிறகு ஏரியைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, நஷ்டமில்லை.

நடைமுறைக்குக் கொஞ்சம். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். தண்ணீர் பாட்டில் உட்பட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சின்ன வேன்தான் சரி. ராத்திரி ஏரிக்கரையில் தங்காதீர்கள். அனுமதியும் இல்லை, காட்டெருமையும் வரும். தங்கும் விடுதி ஒன்றின் முற்றத்தில் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கிளம்புமுன் காலையில் குறித்த பாறையை மறுபடி தேடுங்கள். சில நாள் ஒரு மாற்றமும் தெரியாது. நாங்கள் பார்த்தபோது பாறையின் அடியில் விரற்கடை அளவுக்கு ஈரக் கோடு ஒன்று, இன்னும் காயாமல் இருந்தது. எங்கோ கீழே ஊர்களில் விளக்கு போட்டிருப்பார்கள்.