திருப்பூர்ப் புதினங்களில் தொழில்நுட்பமும் மானுட எதிர்காலமும்

முன்னுரை

தொழில்நுட்பத்தால் மனிதகுலம் எதிர்கொள்ளவிருக்கும் அறைகூவல்களைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் அறிவியல் புனைகதைகளிலேயே தேடிவந்துள்ளது. 1980களில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ அதற்குத் தக்க சான்று. அங்கே எதிர்காலம் ஓர் இயந்திர நாயின் வடிவில் வருகிறது. திருப்பூரைக் களமாகக் கொண்ட இரு புதினங்களிலோ அது சாயநீராகவும் ஷிப்ட் கணக்காகவும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998), எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ (2004) ஆகிய அவ்விரண்டையும் வட்டாரப் புதினம், சூழலியல் புதினம் என்று மட்டும் வகைப்படுத்துவது அவற்றின் வீச்சைக் குறுக்கிவிடும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நீரும் தீர்வும்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் கலப்பது நொய்யல். பாசனத்திற்கென அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. ‘சாயத்திரை’ இத்தகைய சீரழிவைப் பின்புலமாக அன்றி மையமாகவே வைக்கிறது. தலைப்பிலுள்ள ‘திரை’ இருபொருள் தரவல்லது. அலை எனக் கொண்டால் நிறம் மாறிய ஆற்றையும், மறைப்பு எனக் கொண்டால் அந்த ஆற்றைக் காணவிடாத செழிப்பையும் சுட்டும்.

2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் நீரும் உப்பின் ஒரு பகுதியும் மீட்கப்படுகின்றன. எனினும், மீண்டும் பயன்படாத கலப்பு உப்பும் கசடும் எஞ்சுகின்றன. ஆவியாக்கிகளுக்கு மிகுந்த எரிபொருள் வேண்டியிருக்கிறது. ஆற்றின் சுமை நிலத்திற்கும் காற்றிற்கும் இடம்பெயர்கிறது. ஒரு தொழில்நுட்பத்தின் தீங்கை மற்றொன்று தீர்க்கும்போது எஞ்சுவது யாருடைய பொறுப்பு என்னும் வினா இங்குப் பிறக்கிறது.

காலமும் உடலும்

‘மணல்கடிகை’ ஐந்து நண்பர்களின் வாழ்வைப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியோடு பிணைக்கிறது. மணல்கடிகையின் கீழ்க்குமிழ் நிறைய வேண்டுமாயின் மேற்குமிழ் வடிந்தாக வேண்டும். நகரின் பெருக்கத்திற்கும் மனிதரின் தேய்வுக்கும் இப்படிமம் பொருந்துகிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் எனினும், பன்னிரண்டு மணி நேர ‘ஒன்றரை ஷிப்ட்’ திருப்பூரின் அன்றாட வழக்கு. இயந்திரம் மனிதனை வெளியேற்றும் என்பது பொதுவான அச்சம். அதற்கு முன்பே மனிதனின் காலம் இயந்திரத்தின் வேகத்திற்கும் ஏற்றுமதிக் கெடுவுக்கும் அளந்து வெட்டப்பட்டுவிட்டது. கழுத்துப்பட்டி ஒருவருக்கு, கைப்பகுதி இன்னொருவருக்கு எனத் துண்டாக்கப்பட்ட பணியே இயந்திரத்திற்கு எளிதில் கைமாறுகிறது. நூலைத் தானே வெட்டும் தையல் இயந்திரம், பிசிறு வெட்டும் கைகளின் தேவையைக் குறைப்பது இதற்குச் சான்று.

முடிவுரை

இப்புதினங்களுக்கு எல்லைகளும் உண்டு. ‘மணல்கடிகை’யின் மையப் பார்வை ஆண்களுடையது, இத்தொழிலில் பெருந்தொகையாக உழைக்கும் பெண்களின் காலக்கணக்கு அம்மையத்திற்கு வெளியே நிற்கிறது. இரண்டுமே 2011க்கு முற்பட்டவை ஆதலால், தீர்வாக வந்த தொழில்நுட்பத்தின் பின்விளைவு அவற்றில் இடம்பெற வாய்ப்பில்லை. ஆயினும், வளர்ச்சியின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று அவை எழுப்பும் வினா பழையதாகவில்லை. மானுட எதிர்காலம் குறித்த தமிழ் ஆய்வு, விண்வெளிக் கதைகளோடு பனியன் கம்பெனிக் கதைகளையும் தன் மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.