மஞ்சாவுக்கு மேடை கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை

புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பாட்டும் ஆட்டமும்தான் மஞ்சா. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கப்பலேற்றி வந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். ஆங்கிலேயர் படையில் சேர்க்கப்பட்ட ஆபிரிக்கச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் புத்தளத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் அவர்கள் இந்தக் கரையிலேயே வேரூன்றினார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் இலங்கைக் கடற்கரையோரத்தில் பொதுமொழியாகப் புழங்கிய போர்த்துக்கேயக் கலப்புமொழியே மஞ்சாவின் மொழி. ஊரின் வீட்டுமொழி இன்று சிங்களம். கலப்புமொழியில் உரையாடக்கூடியவர்கள் அருகிவிட்டார்கள். இளையவர்களில் பலர் வரிகளை ஒலியாக மட்டுமே அறிந்து பாடுகிறார்கள். ஆக, பாட்டு உயிரோடிருக்க, அதன் மொழி அதைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில்தான் மஞ்சா கொழும்பின் கலைக்கூடங்களுக்கும் விழா மேடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மேடையேற்றம் மஞ்சாவுக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

கொடுத்தது சிறிதல்ல. தோற்றத்தையும் முடியையும் வைத்து அந்நியராகப் பார்க்கப்பட்ட ஒரு சிறு சமூகம், தன் பாட்டின் பெயரால் அழைக்கப்பட்டு, மதிப்போடு வரவேற்கப்படுவது பெரிய மாற்றம். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர்கள் இவர்களின் வரலாற்றையும் பாடல்களையும் எழுதி வெளியிட்டதால், இந்துசமுத்திரத்து ஆபிரிக்கப் புலம்பெயர்வு பற்றிய உலக ஆய்வுகளில் சிரம்பியடிக்கும் ஓர் இடம் கிடைத்தது. கைநிறையப் பணம் தராவிட்டாலும், மேடை ஒரு பயிற்சியைக் கட்டாயமாக்கியது: நிகழ்ச்சி இருந்தால்தான் கூடிப் பாடுவார்கள், கூடிப் பாடினால்தான் பேரப்பிள்ளையின் காதில் தாளம் ஏறும். மேடையே வந்திராவிட்டால் மஞ்சா இன்று ஒலிநாடாவிலும் ஆய்வுநூலிலும் மட்டுமே இருந்திருக்கக்கூடும். மேடையேற்றத்தைக் கண்டிப்பவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டவற்றுள் முதலாவது நேரம். மஞ்சாவின் வரிகள் குறுகியவை. அவற்றைத் திரும்பத் திரும்பப் பாடுவதும், மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டுவதும்தான் அதன் கட்டுமானம். றபானும், சிரட்டைகளும், போத்தலில் தட்டும் கரண்டியும் ஒன்றையொன்று துரத்தத் துரத்த, கேட்பவர் தன்னையறியாமல் எழுந்து ஆடத் தொடங்கும் இடம் வரும். அந்த இடம் எப்போது வரும் என்பதைக் கூடியிருப்பவர்களின் உடல்தான் தீர்மானிக்க வேண்டும். நிகழ்ச்சிநிரல் தீர்மானித்தால் கிடைப்பது வேகத்தின் மாதிரி மட்டுமே. சில நிமிடங்களுக்குள் தொடங்கி முடிக்க வேண்டிய பாட்டு, மெதுவான பகுதியைத் தாண்டிக் குதித்து உச்சத்துக்கு ஓடிவிடும். பார்வையாளர் நாற்காலியில் இருந்தபடி கைதட்டுகிறார். ஆடுபவர் ஒருபக்கம், பார்ப்பவர் மறுபக்கம் என்ற பிரிவினை வீட்டு முற்றத்தில் இல்லாதது. கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்காக ஓர் இராகத்தை விரித்த நாதசுவரம் சபாவின் கடிகாரத்துக்குள் வந்தபோது என்ன குறைந்தது என்பதை அறிந்த தமிழ் இரசிகருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதுவும் ஐரோப்பியப் பழைய இசை இயக்கத்தின் உள்ளிருந்தே எழுந்தது. நூற்றாண்டுகளுக்கு முந்திய இசையை அக்காலக் கருவிகளில், அக்கால முறையில் வாசிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்து, நீங்கள் மீட்டெடுப்பது பழமை அல்ல, இருபதாம் நூற்றாண்டின் சொந்தச் சுவைதான் என்று வாதிட்டார் அமெரிக்க இசையியலாளர் ரிச்சர்ட் டரஸ்கின். தூய மூலவடிவம் என்று ஒன்று கைக்கு எட்டாதபோது, மஞ்சா மேடையில் சுருங்கியதைக் குறையென்று சொல்வது எப்படி? டரஸ்கின் சொன்னதை நான் ஏற்கிறேன். சிரம்பியடியில் 1900இல் எப்படிப் பாடினார்கள் என்று தேடி அதையே இன்றும் பாடச் சொல்வது அந்த மக்களை அருங்காட்சியகப் பொருளாக்கும் செயல். என் குறை தூய்மை பற்றியதல்ல, இசையின் இயக்கம் பற்றியது. புதிய கருவி வரட்டும், புதிய வரிகளும் வரட்டும். ஆனால் மெல்ல ஏறும் வேகமே உயிரான ஓர் இசைக்கு ஏறுவதற்கான நேரத்தை மறுத்தால், பழையதும் போய்ப் புதியதும் வராமல் போகும்.

அதே பழைய இசை இயக்கத்திடமிருந்து நாம் கற்காமல் விட்ட பாடம் ஒன்றும் இருக்கிறது. ஆர்னல்ட் டால்மெட்ஷ் பழைய கருவிகளைத் தன் பட்டறையில் மீண்டும் செய்து, குடும்பத்தோடு வாசித்து, 1925இல் ஒரு விழாவைத் தொடங்கினார். அதை அவர் இலண்டனில் நடத்தவில்லை. தான் குடியிருந்த ஹேஸில்மியர் என்ற சிற்றூரில் நடத்தினார். ஆண்டுக்காண்டு அது அங்கேயே நடந்தது. மறக்கப்பட்டிருந்த ரெக்கார்டர் குழல் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்ததில் அந்தக் குடும்பத்தின் பங்கு பெரியது. தமிழகத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் கூட்டிய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார் பாட, அறிஞர் கேட்க, இருவரும் வாதிட்டார்கள். முடிவுகள் எல்லாம் சரியா என்பது வேறு கேள்வி. பாடுபவர் காட்சிப்பொருளாக அல்லாமல் சான்றாளராக அமர்ந்தார் என்பதே எனக்கு முக்கியம். இரண்டிலும் பொதுவாக இருப்பது பருவம்: ஆண்டுதோறும் திரும்பி வருவது, சென்ற ஆண்டின் பிழையை இந்த ஆண்டு திருத்த இடம் தருவது. அழைப்பு வரும்போது மட்டும் ஏறி இறங்கும் மேடையில் இது நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய பார்வையாளர், அதே அறிமுகவுரை, அதே சில பாட்டுகள். கேட்பவர் மாறிக்கொண்டே இருப்பதால் பாட்டு மாறவேண்டிய தேவையே எழாமல் போகிறது.

பொருள் தெரியாமல் பாடுவதில் என்ன குற்றம் என்று இன்னொரு கேள்வி வரும். தெலுங்குக் கீர்த்தனையைப் பொருள் தெரியாமல் உருகிக் கேட்ட தலைமுறைகள் தமிழில் உண்டு. இலத்தீன் தெரியாத கத்தோலிக்கர் இலத்தீன் பாடிய பூசைகளும் இக்கரையில் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கீர்த்தனையின் பொருளை அறிய விரும்புபவருக்கு நூல் இருக்கிறது, அந்த மொழியைப் பேசும் கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் பொருள் புரியாத மனக்குறையிலிருந்து ஒரு தமிழிசை இயக்கமே பிறந்தது. சிரம்பியடிச் சிறுமிக்குத் தன் பாட்டி பாடும் வரி காதலைச் சொல்கிறதா கடலைச் சொல்கிறதா என்று அறிய வழி குறைவு. அதே கலப்புமொழியை இன்னும் பேசும் பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ போன்ற மொழியியலாளர்கள் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். புத்தளத்துப் பாட்டுக்காரரையும் மட்டக்களப்புப் பேச்சாளரையும் ஒரே பாயில் இருத்த யாரேனும் முன்வந்தால் பல வரிகள் துலங்கும். அறிவு இருக்கிறது, அது ஊருக்கு வந்துசேரவில்லை.

பணம் கொழும்பில்தானே இருக்கிறது, புத்தளத்தில் யார் கேட்க வருவார்கள் என்பது நடைமுறை மறுப்பு. கூலிநாளை இழந்து பாட வருபவரின் வயிற்றை மறந்து இசை பேசுவது தவறு என்பதால் இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். நகர மேடைகள் தொடரட்டும். ஆனால் கேட்க ஆளில்லை என்பதை ஏற்க முடியாது. ஆடியில் உடப்புத் திரௌபதியம்மன் கோயில் தீமிதி, ஆடி ஆவணியில் முன்னேஸ்வரத் திருவிழா, அதையொட்டித் தலவில அன்னம்மாள் பெருநாள் என்று இந்தக் கரை முழுவதும் ஆண்டின் நடுவில் மக்கள் வெள்ளத்தால் நிரம்புகிறது. சிரம்பியடிக் குடும்பங்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களே. அந்த மாதங்களில் புத்தளத்தில் ஓரிரு இரவுகளை மஞ்சாவுக்கென ஒதுக்க உள்ளூராட்சி மன்றமும் கலாசாரத் திணைக்களமும் சேர்ந்தால் போதும். கொழும்பு மேடையில் தரும் சன்மானத்தை இங்கும் தரவேண்டும். வரிகளும் பொருளும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்ட சிறு நூலொன்று கேட்பவர் கையில் இருக்க வேண்டும், ஏனெனில் இந்நகரின் பெரும்பான்மை முஸ்லிம்களும் தமிழரும் தமிழில் படிப்பவர்கள். தம் அயலவரின் பாட்டு அவர்களுக்கு எட்டியதே இல்லை. எந்தப் பாட்டு, எந்த ஒழுங்கு, எவ்வளவு நேரம் என்பதைப் பாடுபவர்களே முடிவுசெய்யட்டும்.