அடிக்கட்டையை விட்டுவைக்கலாமா? லினக்ஸ் 2.6 தரும் பாடம்



கூலிம், சுங்கைப்பட்டாணி பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மறுநடவின்போது பழைய பால்மரத்தின் அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டால், வேர்நோய் புதுக் கன்றுக்கும் பரவும். கணினி நிரலும் அப்படித்தான். நம்ம மாணவர்கள் பலர் பயன்படாத வரிகளை அழிக்கப் பயந்து, "இருந்துட்டுப் போகட்டுமே" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு, 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 2.6.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னலில் சேர்த்து, வேண்டாதபோது கழற்றக்கூடிய பகுதிக்கு மோடியூல் என்று பெயர். முன்பு, தன்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை மோடியூலே எண்ணிக்கொண்டது. இதில் என்ன தப்பு? மாணவன் வகுப்புக்குள் வந்த பிறகுதான் வருகையைப் பதிகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டிவிட்டான், இன்னும் பதியவில்லை. அந்த நொடியில், "யாரும் இல்லை" என்று கட்டடத்தை இடித்தால்? ரஸ்டி ரஸ்ஸல் திருத்தி எழுதிய முறையில், மோடியூலை அழைப்பவரே உள்ளே நுழையும் முன் பதிவு செய்ய வேண்டும்.

மோடியூலைக் கெர்னலோடு இணைக்கும் வேலையும் வெளிக்கருவியிடமிருந்து கெர்னலுக்கே வந்தது. அதனால் மூன்று பழைய அழைப்புகள் தேவையற்றுப் போயின, நீக்கினார்கள். ஆனால் 32 பிட் இன்டெல் கணினிகளில் அவற்றுக்குரிய 127, 130, 167 ஆகிய எண்களை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. பழைய நிரல் அழைத்தால் "இல்லை" என்ற பதில் வரும். தவறான வேலை நடக்காது. இந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

குறையும் உண்டு. பழைய கருவியை வைத்துக்கொண்டே 2.6-க்கு மாறியவர்களுக்கு, "இச்செயல் அமைக்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி மட்டும் வந்தது. புதுக் கருவித்தொகுப்பு தேவை என்று அது சொல்லவில்லை. பழைய கருவிக்கு அது தெரிய வாய்ப்பில்லைதான். ஆனால் கெர்னல் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாமே?

மாணவர்களே, உங்கள் செயல்திட்டத்தில் ஒரு பகுதியை நீக்கும் முன், அதை யார் அழைக்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு முழுசா நீக்குங்கள். குறிப்புரையாக மாற்றி வைப்பது நீக்கியதாகாது. பழைய பெயரை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதை ஆவணத்தில் எழுதுங்கள். பயனருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள். லினக்ஸின் பிழைச்செய்தியில் விடுபட்டது அந்தக் கடைசி வரிதான்.