மருந்தும் நாடும்

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். மருத்துவ முகாம்களின் தொடக்க விழாக்களிலும் பள்ளி மேடைகளிலும் இவ்வதிகாரத்தை எடுத்தாளுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள ஆறு குறள்களோடு நின்றுவிடுவர். முன் உண்டது செரித்த பின்னரே உண்ண வேண்டும், அளவறிந்து உண்ண வேண்டும், உடலுக்கு ஒவ்வாததை ஒதுக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். இதிலிருந்து அவர்கள் பெறும் முடிவோ, நோய் என்பது உண்பவனின் குற்றம் என்பதாகும். இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. நம் குறை வள்ளுவர்மீது அன்று; வாசிப்போர்மீதே.

அவ்வாறு வாசித்தோரில் நாமும் ஒருவர் என்பதை மறைக்க விரும்பவில்லை. பல்லாண்டுகள் இவ்வதிகாரத்தைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னோம். ஒரு நாள், மிகுதியாக உண்பதால் விளையும் கேட்டினை விரித்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், முன்வரிசைப் பிள்ளை ஒருவன் மயங்கிச் சாய்ந்தான். முந்தைய இரவிலிருந்து அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பின்னரே தெரிந்தது. அன்று பாடத்தை அத்துடன் நிறுத்தினோம்.

வள்ளுவர் நோயை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார். ஒன்று தனி மனிதனின் உடலைப் பேசும் 'மருந்து'. மற்றொன்று 74ஆம் அதிகாரமாகிய 'நாடு'. அங்கே கடும்பசி, தீராத நோய், அழிக்கும் பகை ஆகிய மூன்றும் இல்லாதிருப்பதே நாடு என்கிறார். பசிக்கும் பகைக்கும் நடுவே நோய் நிற்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டுக்கு அழகு தரும் ஐந்தினை எண்ணும் குறளிலும் நோயின்மை முதலில் வருகிறது. செல்வம் அதற்கடுத்தே வருகிறது. செய்யுளின் ஓசை கருதி அமைந்த வரிசை இது என்று எவரேனும் வாதிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

அரபு நூலோரிடத்தும் இவ்விரு பார்வைகளைக் காணலாம். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், நகரவாசிகளின் நோய்களுக்கு மிகையுணவையும் உழைப்பின்மையையும் காரணமாகக் காட்டுகிறார். அதே நூலின் மற்றோரிடத்தில், அரசுகளின் இறுதிக் காலத்தில் வரியும் கொடுமையும் மிகுந்து உழவர் பயிர்த்தொழிலைக் கைவிட, பஞ்சமும் கொள்ளைநோயும் பெருகுகின்றன என்கிறார். 1348-49ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர் அவர்.

இவற்றையெல்லாம் ஏட்டளவில் அறிந்திருந்த நமக்கு, நம் புதுக்கோட்டை மாவட்டமே பொருள் விளக்கம் தந்தது. முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் பிள்ளைகள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வாடினர். மருத்துவர்கள் குடிநீரை ஐயுற்றனர். டிசம்பர் 26இல் இளைஞர்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது, நீரில் மனித மலம் மிதந்தது. அக்குடியிருப்புக்கெனக் கட்டப்பட்ட 10,000 லிட்டர் தொட்டி அது.

நோயின் மூலத்தைத் தேடி அறிக என மருத்துவனுக்கு வள்ளுவர் இட்ட கட்டளையை அம்மருத்துவர்கள் செவ்வனே நிறைவேற்றினர். ஆயினும் அவர்களால் தொட்டி வரைதான் செல்ல முடிந்தது. நோயாளி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன் என அவ்வதிகாரம் எண்ணும் நால்வகையுள் நீர் விநியோகிப்போன் இல்லை. தெருவை வகுப்போனும் இல்லை. அப்பிள்ளைகளுள் எவன் அளவு மீறி உண்டான்? காசுள்ளவர் ஐயம் எழுந்தால் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வர். கூலிக்குச் செல்லும் குடும்பத்துக்குக் குழாயில் வருவதே தண்ணீர். பிள்ளை நோயுற்றால் அன்றைய கூலியும் போய்விடும்.

மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்றனர். அருகிலுள்ள இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், அய்யனார் கோயிலுக்குள் இம்மக்கள் அனுமதிக்கப்படாததும் அப்போது வெளிவந்தன. தொட்டியை ஆராயச் சென்றவர்கள் குவளையைக் கண்டார்கள். நம் நோக்கில் இவ்விரண்டும் ஒரே செய்தியே.

2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. மரபணுச் சோதனைகள் நடந்தன. 2025 ஜனவரியில் அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அம்மக்கள் அதனை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கோரினர். 'செய்தவர் யார்' என்பதற்கு விடையளிப்பது நீதிமன்றத்தின் வேலை. எனினும் அவ்விடை எதுவாயினும், ஒரே ஊராட்சியில் ஒரு தெருவின் நீர் வேறாகவும் மற்றொரு தெருவின் நீர் வேறாகவும் இருந்தது ஏன் என்ற வினா அவ்வாறே எஞ்சும். 2005இல் உலக சுகாதார நிறுவனம் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைத்த குழு, 2008இல் அளித்த அறிக்கையில் இத்தகைய வினாவையே உலக நாடுகள் முன் வைத்தது. பிறக்கும், வளரும், உழைக்கும் சூழல்களில் உள்ள ஏற்றத்தாழ்வே நோயின் ஏற்றத்தாழ்வாகிறது என்பது அதன் முடிவு.

இப்போதெல்லாம் நம் வகுப்பில் 74ஆம் அதிகாரத்தை முதலில் நடத்துகிறோம். 95ஆம் அதிகாரம் அதன் பின்னரே வருகிறது. அதுவும் பிள்ளைகள் காலையில் உண்டார்களா என்று கேட்ட பிறகே.