மாலைக்குள் மாப்பிள்ளை

பழைய சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் வெள்ளியையும் பொன்னையும்தான் பார்ப்பார்கள். விசைத்தகடு மரத்தில் உட்கார்ந்திருக்கும் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை நுழையக் கூடாது. அது தேறினால்தான் அலங்காரத்தைப் பற்றிப் பேச்சு.

இத்தாலியின் பிரெஷியா வட்டாரத்துக் கார்டோனே குழல்களுக்கு 17ஆம் நூற்றாண்டில் தனி மவுசு. குழல் செய்த லாசரினோ கொமினாசோவின் பெயர் வெட்டியிருந்தாலே விலை ஏறும்; போலிகளும் அதற்கேற்ப ஏராளம். கட்டையில் பதிக்க இரும்புத் தகட்டை லேஸ் பின்னலாகத் துளைத்தெடுத்தவர்கள் அந்த வட்டாரத்துக் கைவினைஞர்கள்.

வெர்சாய் பட்டறையில் 1792 முதல் நிக்கோலா நோயல் பூத்தே செய்தவை வேறு ரகம். நீலம் ஏற்றிய குழல், அதில் பொன் நட்சத்திரங்கள், கட்டையெங்கும் சிற்பம். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாலையின் கனத்தில் மாப்பிள்ளை முகமே தெரியவில்லை.

லண்டன்காரர்கள் நேர்மாறு. வெயிலில் பளிச்சிடாதபடி எண்கோணக் குழலுக்குப் பழுப்பேற்றுவார்கள். பூவேலை பேருக்குத்தான். 1804இல் அமெரிக்க அரசியல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் உயிரைக் குடித்த ஒற்றைக்கொற்றைச் சண்டையில் இருந்தது லண்டன் வாக்டன் பட்டறை ஜோடி. லண்டனில் அளவுகோலும் கறார்: வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே கிரீட முத்திரை.

என் மனம் நிற்பது ஸ்காட்லாந்தின் டூன் கிராமத்தில். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமஸ் கேடல் அங்கே உலை மூட்டினார். அந்த உலையில் பிறந்த துப்பாக்கியில் மரமே கிடையாது. பிடி வரைக்கும் எஃகு. பிடியின் முனை ஆட்டுக்கடாக் கொம்பாக இரண்டு பக்கமும் சுருளும். அந்தச் சுருள்களுக்கு நடுவே சின்னக் குமிழ். திருகி எடுத்தால் ஊசி வரும். மருந்துக் கரி அடைத்த துளையைக் குத்தித் திறக்க அதுதான். விசையும் ஒரு சிறு உருண்டை, அதைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை. இடப்பக்கக் கொக்கி இடைவாரில் மாட்ட. வெள்ளி பதித்த கொடிக்கோலம் உடம்பெங்கும் ஓடினாலும் கைக்கு எதுவும் இடறாது.

பிற்பாடு ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவுகளுக்காகப் பர்மிங்ஹாமில் ஐசக் பிசெல் இதே உருவில் செய்து கொடுத்தார். கொம்பு இருந்தது. கொடி இல்லை.