மூன்று கட்டத்துக்குள் அபு

குறுக்கெழுத்துத் துப்பும் ஒருவகை விமர்சனம்தான். ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரம் யாரென்று நான்கைந்து சொற்களில் சொல்லிவிட வேண்டும். படிப்பவர் ‘அட, அவன்தானே!’ என்று பிடித்துக்கொள்ள வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற இடத்தில் துப்பு எழுதியவரின் பார்வை தெரிந்துவிடுகிறது. 1942 முதல் வந்துகொண்டிருக்கும் நியூயார்க் டைம்ஸ் புதிரை இப்படி வாசிக்கலாம்.

வார நாள்களில் 15க்கு 15 கட்டம். மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் இரண்டு சொற்களுக்குப் பொருந்தணும். அதனால் உயிரெழுத்து நிறைந்த குட்டிப் பெயர்களுக்கு அங்கே ஏகக் கிராக்கி. 1960 முதல் 1968 வரை ஓடிய ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’வில் ஷெரிஃபின் மகன் பெயர் ஓபி. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அதில் மூன்று உயிர். தொடர் முடிந்து அரை நூற்றாண்டு தாண்டியும் பையன் கட்டத்துக்குள் வளராமல் நிற்கிறான். அவனைவிட ஆழமான எத்தனையோ பாத்திரங்கள், பெயரில் மெய்யெழுத்து கூடிப்போன ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறார்கள்.

தொடரைப் பார்க்காதவர் என்ன செய்வார்? குறுக்கே போகும் சொற்களை வைத்து எழுத்தெழுத்தாகப் பிடிப்பார். விளையாட்டின் நியாயமே அதுதான். ஆனால், தெரியாத பெயர் இரண்டு ஒன்றையொன்று வெட்டினால் நியாயம் அங்கேயே செத்துவிடும். 2008இல் நேட்டிக் என்ற மாசசூசெட்ஸ் ஊரும் என்.சி. வையத் என்ற ஓவியரும் ஒரே கட்டத்தில் மோதிக்கொண்டார்கள். ரெக்ஸ் பார்க்கர் என்ற புனைபெயரில் எழுதும் விமர்சகர், அந்த மாதிரிக் கட்டத்துக்கே ‘நேட்டிக்’ என்று பெயர் வைத்துவிட்டார். கோலாலம்பூரில் உட்கார்ந்து நிரப்புகிற நமக்கு, பழைய அமெரிக்கத் தொடர் இரண்டு சந்திக்கும் இடமெல்லாம் நேட்டிக்தான்.

இந்தக் கட்டங்களுக்குள் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்கிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1990இல் வந்த அபு. (அமெரிக்க வாயில் அது ‘ஆப்பு’ என்றுதான் விழும். நம் காதுக்கு அதன் அர்த்தமே வேறு.) பெயர் சத்யஜித் ராயின் அபு படங்களிலிருந்து எடுத்தது. மூன்றெழுத்து, இரண்டு உயிர், புதிர் கட்டுபவருக்கு லட்டு மாதிரி. துப்பு பெரும்பாலும் ஒன்றேதான்: ‘குவிக்-ஈ-மார்ட்’ கடைக்காரர்.

தொடரே அவரை முழுக்க இப்படிச் சுருக்கவில்லை. அதில் அவர் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர், மஞ்சுளாவின் கணவர், ஒரே பிரசவத்தில் பிறந்த எட்டுக் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆனால் சிரிப்பு வந்தது அந்தக் கல்லாப் பெட்டியிலிருந்தும், ஹேங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர் கொடுத்த உச்சரிப்பிலிருந்தும்தான். ஹரி கொண்டபோலுவின் 2017 ஆவணப்படம் கேள்வி கேட்டதும் அதைத்தான். 2020இல் அசாரியா அந்தக் குரலிலிருந்து விலகினார். துப்பு எழுதுகிறவர் இந்தச் சண்டை எதையும் தொடாமல், ‘எல்லாருக்கும் தெரிந்தது’ என்று கடையை மட்டும் நீட்டினால் அவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்றே சொல்வேன்.

அபுவைக் கட்டத்திலிருந்து தூக்கிவிடச் சொல்லவில்லை. ராய் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்றும் தோன்றவில்லை. ராயைச் சுட்டும் துப்பு வந்தாலும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ ரகம்தான். அக்கா துர்காவைப் பறிகொடுத்த பையன் அங்கே வெறும் கோடு. தொடருக்குள்ளேயே நல்ல துப்பு கிடக்கிறதே: எட்டுப் பிள்ளை பெற்ற கணினி முனைவர். ஆனால் அந்தப் புதிர் திங்கள்கிழமை சுலபம், சனிக்கிழமை கடினம் என்ற கணக்கில் ஓடுவது. முனைவர் சனிக்கிழமைக்குப் போய்விடுவார். திங்கள்கிழமை கடைக்காரர்தான் வருவார்.