லிப்டூலின் நிறையும் குறையும்

படங்காட்டும் நிரல் ஒன்று லிப்பிஎன்ஜி நூலகத்தைச் சார்ந்திருக்கிறது. லிப்பிஎன்ஜியோ, சுருக்கிய தரவை விரிக்க இஸட்லிப்பைச் சார்ந்திருக்கிறது. நிரலை இணைக்கும்போது இஸட்லிப்பின் பெயரையும் சொல்ல வேண்டுமா?

நிலைநூலகமானால் சொல்லத்தான் வேண்டும். '.ஏ' என முடியும் கோப்பு தன் தேவைகளைக் குறித்து வைப்பதில்லை. லினக்ஸின் பகிர்வு நூலகம் அவற்றைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கும். நிரல் தொடங்கும்போது அவை தாமாகவே ஏற்றப்படும். எல்லா யூனிக்ஸ் வகைகளும் இப்படி நடப்பதில்லை.

இவ்வேறுபாடுகளை மறைக்கவே 1990-களின் பிற்பகுதியில் கார்டன் மாட்ஸிக்கைட் லிப்டூலை உருவாக்கினார். அது அரிய பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது '.எல்ஏ' கோப்பில் எழுதிவைக்கும் சார்புப் பட்டியல், வேண்டாத இடத்திலும் இணைப்பில் நுழைந்துவிடுகிறது. விளைவு என்ன? இணைப்பிக்குத் தனியே தடை விதிக்காவிட்டால், இஸட்லிப்பை அழைக்கவே செய்யாத நிரலும் அதைத் தன் நேரடித் தேவையாகப் பதிந்துகொள்கிறது. இத்தகைய நூலகம் பழையதோடு பொருந்தாத பதிப்பாக மாறும்போது, அதை நேரே பயன்படுத்தும் நூலகத்தை மட்டுமல்ல, தொடர்பே இல்லாத நிரல்களையும் மீண்டும் கட்ட நேரிடும்.

டெபியன் தொகுப்பாளர்கள் தங்கள் லிப்டூலில் இப்பழக்கத்தைத் திருத்திவிட்டனர். பிகேஜி-கான்ஃபிக் கருவியோ, நிலை இணைப்புக்கு மட்டும் வேண்டியவற்றைத் தனி வரியில் வைக்கிறது. இதுவே சரியான முறை. சில அமைப்புகளுக்கு மட்டும் தேவையான மருந்தை எல்லா அமைப்புகளுக்கும் புகட்டியதே லிப்டூலின் குறை.